பொங்கலை ஒட்டி வரும் திங்கட்கிழமை

அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் வீடு பார்க்கும் நம் ஆட்கள் விசாரிப்பது மூன்றே விஷயம்தான். பள்ளிக்கூடத்துக்கு என்ன ரேட்டிங், இந்தியன் கடை எத்தனை மைல், ஆபீஸுக்கு எவ்வளவு நேரம். மூன்றுக்கும் சரிப்பட்டு வருகிற இடம் என்று அட்லாண்டாவுக்கு வடக்கே இருக்கும் ஃபோர்சைத் கவுண்டியைச் சொன்னார்கள். கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி. அங்கே கம்மிங் என்ற ஊரில் வாடகைக்கு வந்தோம். தெருவில் பாதி தெலுங்குக்காரர்கள், நாலைந்து தமிழ் வீடு. சாயங்காலம் நடக்கப் போனால் எங்காவது ஒரு வீட்டில் கடுகு வெடிக்கும்.

ஆபீஸில் ஒரு கறுப்பினப் பெரியவர், அட்லாண்டாவிலேயே பிறந்து வளர்ந்தவர். எந்தப் பக்கம் குடியிருக்கிறாய் என்று கேட்டார். சொன்னதும் ஒரு நிமிடம் பேசவில்லை. "நான் சின்னப் பையனாக இருந்தபோது, பெட்ரோல் போடக்கூட அந்த ஊரில் என் அப்பா வண்டியை நிறுத்த மாட்டார்" என்றார். அப்புறம்தான் தேடிப் படித்தேன்.

1912-இல் ஒரு வெள்ளைக்கார இளம்பெண் கொலையானதைச் சாக்காக வைத்து, கவுண்டியில் இருந்த சுமார் 1,100 கறுப்பின மக்களை வெள்ளையர் கும்பல்கள் விரட்டியடித்திருக்கின்றன. வீடு, நிலம், தேவாலயம் எல்லாம் போட்டது போட்டபடி. பல பத்தாண்டுகள் அவர்கள் யாரும் திரும்பி வந்து குடியேற முடியவில்லை. 1987 ஜனவரி 17 அன்று, கறுப்பின மக்களின் சம உரிமைக்குப் போராடிய மார்ட்டின் லூதர் கிங்கின் பிறந்தநாளை ஒட்டி, அவரோடு களத்தில் நின்ற ஹோசியா வில்லியம்ஸ் தலைமையில் ஒரு சின்ன ஊர்வலம் இதே கம்மிங்குக்கு வந்தது. நூறு பேர்கூட இல்லை. கல்லும் பாட்டிலும் பறந்தன. அடுத்த வாரம், 24-ஆம் தேதி, சுமார் 20,000 பேர் திரண்டு வந்தார்கள். கிங்கின் மனைவி கொரெட்டாவும் வந்தார். பாதுகாப்புக்கு தேசியக் காவல் படை. பழைய கதை என்று தள்ளிவிடவும் முடியாது. அப்போது நான் ஊரில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன்.

கிங் பிறந்த வீடு இருக்கும் அட்லாண்டாவின் ஆபர்ன் அவென்யூ இங்கிருந்து காரில் ஒரு மணி நேரம். மாடி வைத்த மர வீடு. கொஞ்ச தூரத்திலேயே அவருடைய அப்பா போதகராக இருந்த எபனேசர் தேவாலயம். சின்ன வயதில் கிங்குக்கு ஒரு விளையாட்டுத் தோழன் இருந்தான், எதிரே கடை வைத்திருந்த வெள்ளைக்காரரின் மகன். ஆறு வயதில் இருவரும் ஆளுக்கொரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்தார்கள். இனிமேல் உன்னோடு விளையாடக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார் என்றானாம் அந்தப் பையன். சாப்பாட்டு மேஜையில் அம்மாவும் அப்பாவும் காரணத்தை எடுத்துச் சொன்ன அன்றுதான் கிங்குக்கு நிறபேதம் என்ற விஷயமே புரிந்தது.

மாண்ட்கோமரியில் 381 நாள் பேருந்துப் புறக்கணிப்பு, 1963 வாஷிங்டன் உரை, அடுத்த ஆண்டு நோபல். இதெல்லாம் நம் பாடப்புத்தகத்திலேயே வந்துவிடும். அதற்குப் பிந்தைய கிங்கைத்தான் யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. 1966-இல் சிகாகோவில் வீட்டு வாடகைப் பாகுபாட்டை எதிர்த்துப் போராடியபோது அவர் தலையில் கல் விழுந்தது. 1968 ஏப்ரல் 4 அன்று மெம்பிஸில் சுடப்பட்டார், வயது 39. துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவாகப் போன இடம் அது. அவர் இறந்து ஏழாவது நாள் வீட்டுரிமைச் சட்டம் கையெழுத்தானது. எங்கள் வாடகை ஒப்பந்தத்தின் அடியில், ஒரு குட்டி வீட்டுப் படமும் அதற்குள் சமக்குறியும் இருக்கும். நிறத்தையோ பிறந்த நாட்டையோ காட்டி எனக்கு வீடு இல்லை என்று சொல்ல முடியாது என்பதற்கான முத்திரை அது.

விசாவும் அப்படித்தான். 1946 சட்டப்படி இந்தியாவிலிருந்து ஆண்டுக்கு 100 பேர்தான் குடியேறலாம். அந்த ஒதுக்கீட்டு முறையை ஒழித்த சட்டம் 1965-இல் வந்தது, கறுப்பின மக்களின் சம உரிமைப் போராட்டங்கள் உச்சத்தில் இருந்த காலத்தில். நாம் எல்லாம் நம் மார்க்கை வைத்தே வந்தோம் என்று பாட்லக்கில் (ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் விருந்தில்) பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும்.

ஜனவரியில் கிங் பெயரில் வரும் அந்தத் திங்கட்கிழமை விடுமுறையே சண்டை போட்டு வந்ததுதான். அவர் இறந்த நாலாம் நாளே மசோதா கொண்டுவந்தார்கள். ரீகன் கையெழுத்துப் போட 1983 ஆனது, முதல் விடுமுறை 1986-இல். இன்றைக்கும் பல கம்பெனிகள் லீவு தருவதில்லை. ஜனவரி 15 அவர் பிறந்தநாள், விடுமுறை மூன்றாவது திங்கள். 2024-இல் பொங்கலும் அதே நாளில் வந்தது. நம் சங்கங்களுக்கு ரொம்ப வசதி, பொங்கல் விழாவை அந்த லாங் வீக்கெண்டில் வைத்துவிடலாம்.

விழா மேடையில் கிங்கைப் பற்றிப் பேசினால் காந்தியின் சீடர் என்பதோடு முடித்துவிடுவார்கள். 1959-இல் அவர் இந்தியா வந்ததும், காந்திகிராமத்துக்கும் மதுரைக்கும் போனதும் நமக்குப் பெருமை. அதே பயணத்தில் திருவனந்தபுரத்தில், தாழ்த்தப்பட்ட சாதிப் பிள்ளைகள் படித்த ஒரு பள்ளியில், அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் சக தீண்டத்தகாதவர் என்று தலைமையாசிரியர் அவரை அறிமுகப்படுத்தினார் என்று கிங்கே பின்னால் தன் தேவாலயத்தில் சொல்லியிருக்கிறார். முதலில் அவருக்குச் சுருக்கென்றிருந்ததாம். யோசித்துப் பார்த்துவிட்டு, ஆமாம், நான் தீண்டத்தகாதவன்தான் என்றார். இதை மட்டும் மேடையில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

2023-இல் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தபோது, இங்கே அதெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்று எங்கள் வாட்ஸாப் குழுவில் ஒருவர் கோபப்பட்டார். போன பொங்கல் விழாவில் சர்க்கரைப் பொங்கல் வரிசையில் அவருக்கு முன்னால் ஒரு புதுப் பையன் நின்றான், வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. எந்த ஊர் தம்பி என்றார். மதுரை என்றான். மதுரையில் எந்தப் பக்கம் என்றார். அதையும் சொன்னான். அங்கே எந்தத் தெரு, தாத்தா என்ன பண்ணிக்கொண்டிருந்தார் என்று விசாரணை போய்க்கொண்டே இருந்தது.