பழைய லேப்டாப்பை வீட்டுச் சேமிப்பகமாக்கினேன்: படங்கள் காணாமல் போன இரவு

"அண்ணா, ஃபோல்டர் காலியா இருக்கு. என் படமெல்லாம் எங்கே?" என்று தங்கை கேட்டபோது வயிற்றைக் கலக்கிவிட்டது. போனில் இடம் வேண்டும் என்று அதிலிருந்த படங்களை அழிக்கச் சொன்னதே நான்தான்.

வீட்டில் எல்லோருடைய படங்களையும் ஒரே இடத்தில் சேர்க்கலாம் என்றுதான் பரணில் கிடந்த லேப்டாப்பை எடுத்தேன். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவியது, ஃபோல்டரை வீட்டின் மற்ற கணினிகளுக்கும் போன்களுக்கும் பகிரும் சாம்பா மென்பொருளைப் போட்டது, யுஎஸ்பி ஹார்டு டிஸ்க்கைச் செருகியது எல்லாம் ஒரே மாலையில் முடிந்தது.

முதல் தொல்லை மூடி. மூடினால் லேப்டாப் தூங்கிவிடும், பகிர்வும் நின்றுவிடும். மூடியை மூடினால் என்ன செய்வது என்று சொல்லும் லாகின்ட் அமைப்புக் கோப்பில் 'ஹேண்டில்-லிட்-ஸ்விட்ச்' வரியை 'இக்னோர்' என்று மாற்றினேன். மாற்றிய பிறகும் தூங்கியது. அந்த வரியின் தொடக்கத்தில் இருக்கும் ஹேஷ் (#) குறியை எடுக்காவிட்டால் அது வெறும் குறிப்புதான், யாரும் அதைப் படிப்பதில்லை. இதைக் கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

அடுத்தது பாஸ்வேர்டு. லினக்ஸில் நுழையும் பாஸ்வேர்டையே விண்டோஸில் கொடுத்தால் ஏற்காது. சாம்பாவுக்குத் தனியாக 'எஸ்எம்பி-பாஸ்வேர்டு' (smbpasswd) கட்டளையில் பயனரைச் சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகும் விண்டோஸ் பழைய தவறான பாஸ்வேர்டையே நினைவில் வைத்து அனுப்பிக்கொண்டிருந்தால், பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் அதன் கிரெடென்ஷியல் மேனேஜரில் போய் அதை அழித்துவிடுங்கள்.

இனி அந்த இரவு. மூன்று நாளுக்கு முன் மின்சாரம் போய் வந்ததில், பேட்டரி இல்லாத லேப்டாப் மறுபடி தொடங்கியிருந்தது. தொடங்கும்போது எந்த டிஸ்க்கை எந்த ஃபோல்டரில் இணைப்பது என்று சொல்வது எஃப்எஸ்டேப் கோப்பு. அதில் டிஸ்க்கை நான் 'எஸ்டிபி1' என்ற பெயரில் எழுதியிருந்தேன். இந்தப் பெயர் நிலையானதல்ல. இந்த முறை டிஸ்க் 'எஸ்டிசி' என்று வந்து நின்றது. டிஸ்க் கிடைக்காவிட்டாலும் தொடங்கு என்று சொல்லும் 'நோஃபெயில்' போட்டிருந்ததால் டிஸ்க் இல்லாமலே கணினி சத்தமின்றி எழுந்தது. டிஸ்க் இணைய வேண்டிய ஃபோல்டர் காலியாகவே நின்றது, சாம்பா அதையே எல்லோருக்கும் காட்டியது. போன்களோ தம் பாட்டுக்குப் புதுப் படங்களை அதற்குள் அனுப்பிக்கொண்டே இருந்தன. எல்லாம் லேப்டாப்பின் சொந்த டிஸ்க்கில் போய் விழுந்தன.

பெயருக்குப் பதிலாக, டிஸ்க்குக்கே உரிய மாறாத அடையாளமான யுயுஐடி எண்ணைப் போட்டு டிஸ்க்கைச் சரியாக இணைத்ததும் தங்கையின் பழைய படங்கள் அத்தனையும் திரும்பி வந்தன. அப்போதுதான் மூச்சே வந்தது. ஆனால் கடைசி மூன்று நாள் படங்களைக் காணோம். டிஸ்க்கில் எவ்வளவு இடம் மீதி என்று காட்டும் 'டிஎஃப்' கட்டளை லேப்டாப்பின் சொந்த டிஸ்க் நிரம்பிவிட்டது என்றது. ஒவ்வொரு ஃபோல்டரின் அளவைக் காட்டும் 'டியூ' வைத்துத் தேடினால் எந்த ஃபோல்டரிலும் அவ்வளவு கோப்புகள் இல்லை. இரவு ஒரு மணிக்குத்தான் புரிந்தது: இணைத்த டிஸ்க், கீழே இருக்கும் ஃபோல்டரை மறைத்துக்கொண்டிருக்கிறது. சாம்பாவை நிறுத்தி, டிஸ்க்கைக் கழற்றிப் பார்த்தால், படங்கள் அத்தனையும் அங்கேயே பத்திரமாக இருந்தன. தங்கையை எழுப்பியே சொல்லிவிட்டேன்.

இது மறுபடி நடக்காமலிருக்க ஒரு வழி உண்டு. டிஸ்க் இணைக்கப்படாத நிலையில் அந்தக் காலி ஃபோல்டருக்கு 'சிஎச்-அட்டர் பிளஸ் ஐ' (chattr +i) கட்டளை கொடுங்கள். அதன்பின் எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனர்கூட அதில் எழுத முடியாது. டிஸ்க் இணைந்தால் வழக்கம்போல வேலை செய்யும். இணையாவிட்டால் போன் உடனே பிழை காட்டும். பிழை காட்டுவதே நமக்கு நல்லது.

வேகத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பழைய லேப்டாப் பலவற்றில் லேன் போர்ட் 100 மெகாபிட்தான். நொடிக்கு 11 மெகாபைட்டுக்கு மேல் கிடைக்காது. 200 ஜிபி நகர்த்த ஐந்து மணி நேரம் ஆகும். முதல் தடவை மொத்தமாகப் போடும்போது டிஸ்க்கை நேரடியாகக் கணினியில் செருகி நகலெடுங்கள்.

சாம்பா பயன்படுத்தும் 445 போர்ட்டை ரவுட்டரில் வெளியே திறந்துவிடாதீர்கள். 2017இல் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை என்ற தீநிரல் பரவியது இதே பகிர்வு நெறிமுறையின் பழைய பதிப்பு வழியாகத்தான்.

டச்பேட் லேசாக மேலெழும்பியிருந்தால் பேட்டரி உப்பியிருக்கலாம், உடனே பாருங்கள். என்னுடையது உப்பியிருந்தது. கழற்றிவிட்டேன். அதனால் மின்தடையைத் தாங்கும் வசதி போய்விட்டது, சிறிய யுபிஎஸ் ஒன்று வாங்க வேண்டும். அதற்கும் முன்னால் இரண்டாவது டிஸ்க். படங்கள் இப்போதைக்கு ஒரே டிஸ்க்கில்தான் இருக்கின்றன. இரண்டாவது டிஸ்க் வந்து நகலெடுத்து முடிக்கும்வரை போன்களிலிருந்து எதையும் அழிக்க வேண்டாம் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.