அமைலேஸ் நார்மல் என்றால் கணைய அழற்சி இல்லையா? வைவாவில் நான் மாட்டிக்கொண்டது

மேல்வயிற்றில் வலி, முதுகு வரை ஓடுகிறது, நாலு நாளாக வாந்தி, கணையம் சுரக்கும் அமைலேஸ் என்ற என்சைம் ரத்தத்தில் நார்மல். இதுதான் வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், எனக்கு வந்த கேஸ். "கணைய அழற்சி இல்லை சார்" என்று பட்டென்று சொல்லிவிட்டேன். தேர்வாளர் ஒன்றும் பேசவில்லை, கேஸ் தாளில் "நாலு நாள்" என்று இருந்த இடத்தைப் பேனாவால் இரண்டு தட்டு தட்டினார். அப்போதுதான் உறைத்தது.

அமைலேஸ் வலி தொடங்கி 6 முதல் 12 மணி நேரத்தில் ஏறும், 3 முதல் 5 நாளில் இறங்கியும் விடும். கணையத்தின் இன்னொரு என்சைமான லைபேஸ் ஒன்றிரண்டு வாரம் கூடத் தங்கும். அதனால் தாமதமாக வரும் நோயாளிக்கு லைபேஸ்தான் கை கொடுக்கும், இரண்டில் ஒன்றைத்தான் கேட்க முடியும் என்றால் அதையே கேளுங்கள்.

கணைய அழற்சிக்கான 2012 திருத்திய அட்லாண்டா வரையறை எல்லோருக்கும் மனப்பாடம்: வலி, மூன்று மடங்கு ஏறிய என்சைம், ஸ்கேனில் தெரியும் மாற்றம், மூன்றில் இரண்டு இருந்தால் போதும். "மூன்று மடங்கு" என்பது அந்த லேபின் உச்ச வரம்புக்கு மூன்று மடங்கு, அதனால் ரிப்போர்ட்டின் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் வரம்பைப் பார்க்காமல் வாயைத் திறக்காதீர்கள். வலியும் என்சைமும் பொருந்தினால் நோயை உறுதி செய்ய மட்டும் சிடி தேவையில்லை. வலி அச்சு அசலாக இருந்து என்சைம் ஏறாவிட்டால்தான் சிடி.

அடுத்த பொறி, கணையத்தில் கோளாறு இல்லாமலே ஏறும் அமைலேஸ். பொன்னுக்கு வீங்கி, சிறுநீரகச் செயலிழப்பு எல்லாம் சரி, எழுதிவிடுவீர்கள். குடல்புண் ஓட்டையானாலும், குடலுக்கு ரத்தம் போகாமல் நின்றாலும் ஏறும் என்பதை மறக்காதீர்கள், அங்கே கணைய அழற்சி என்று முத்திரை குத்திவிட்டு டிரிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் ஆபரேஷனுக்கான நேரம் போய்விடும். ரத்தம் பால் மாதிரி கலங்கியிருந்தால் டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பை நினையுங்கள், அது அமைலேஸைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும்.

என்சைம் அளவு நோயின் தீவிரத்தைச் சொல்லாது. 3000 வந்தவர் சீக்கிரமே எழுந்து நடக்கலாம், 600 வந்தவர் ஐசியூ போகலாம். என்சைமைத் தினமும் திரும்ப அனுப்புவது வீண், தீவிரத்தை அறிய யூரியாவையும் ஹீமட்டோகிரிட்டையும் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதம்) பாருங்கள்.

நான் இப்போது வலி தொடங்கிய மணியை லேப் படிவத்திலேயே எழுதி அனுப்புகிறேன். "இது எங்களுக்கு எதுக்கு டாக்டர்?" என்று லேப் அக்கா சிரிப்பார். எனக்குத்தான் அக்கா.