ஜெருசலேமில் வேலை: சபாத் அன்று சூப் சூடாக இருக்க

இஸ்ரேலுக்கு முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வருகிறவர்களுக்குச் சம்பளம், லீவு, விசா பற்றியெல்லாம் ஏஜெண்ட் சொல்லிவிடுவார். சனிக்கிழமை மதியம் ஒரு கிண்ணம் சூப் சூடாகக் கிடைப்பதற்குள் எத்தனை சட்டம் குறுக்கே நிற்கிறது என்பதை எந்த ஏஜெண்டும் சொல்வதில்லை. நான் ஜெருசலேமில் முதலில் போலந்து வம்சாவளிப் பாட்டி ஒருவர் வீட்டிலும், அப்புறம் ஈராக்கிலிருந்து வந்த ஒரு தாத்தா வீட்டிலும் தங்கி வேலை பார்த்தேன். இரண்டுமே யூதர்களின் ஓய்வு நாளான சபாத்தைக் கறாராகக் கடைப்பிடிக்கும் வீடுகள். ஆனாலும் ஒரு வீட்டில் கற்றதில் பாதிதான் அடுத்த வீட்டில் செல்லுபடியானது.

வெள்ளி மாலை சூரியன் மறைவதிலிருந்து சனி நன்றாக இருட்டும் வரை நெருப்பு மூட்டக் கூடாது, சமைக்கக் கூடாது. யாத்திராகமம் 35:3-ல் இருக்கிற விஷயம், சர்ச்சுக்குப் போகும் எனக்கும் தெரிந்ததுதான். அப்படியானால் அன்றைக்கு ஆறிப்போனதைத்தான் சாப்பிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன். நடப்பது நேர்மாறு. அன்று சூடான சாப்பாடு மேசைக்கு வந்தே ஆக வேண்டும். பழைய காலத்தில் காராயிட்டுகள் என்ற யூதப் பிரிவினர் வசனத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, முன்கூட்டி மூட்டிய நெருப்பும் வீட்டில் எரியக் கூடாது என்றார்கள். அவர்களுக்கு எதிராக ரப்பிகள், அதாவது யூத மத குருக்கள், பிடிவாதமாகச் சூடாகச் சாப்பிட்டார்கள். சபாத்தில் சூடான உணவு சாப்பிடாதவன் மத விரோதியா என்று விசாரித்துப் பார்க்க வேண்டும் என 12-ஆம் நூற்றாண்டு ரப்பி செராஹியா ஹலேவி எழுதும் அளவுக்கு அது போனது. இத்தனை சிக்கலும் அதிலிருந்து வந்ததுதான் என்பது என் எண்ணம். நெருப்பே வேண்டாம் என்றால் ஒரு வரியில் சட்டம் முடிந்துவிடும். நெருப்பும் மூட்டக் கூடாது, குழம்பும் ஆறக் கூடாது என்றால் நூல் நூலாக எழுதித்தான் ஆக வேண்டும்.

அப்படி எழுதியும் இருக்கிறார்கள். கி.பி. 200 வாக்கில் தொகுத்த மிஷ்னா என்ற யூதச் சட்ட நூலிலேயே இதற்கு அத்தியாயங்கள் உண்டு. வைக்கோல் எரித்த அடுப்பில் பானையை விட்டுவைக்கலாம். விறகோ ஆலிவ் பிண்ணாக்கோ எரித்திருந்தால் நெருப்புக் கங்குகளை வாரி எடுத்த பிறகோ மேலே சாம்பலைத் தூவிய பிறகோதான் வைக்கலாம். காரணம் எனக்கு ரொம்பப் பிடித்தது: பானை முன்னால் நிற்கிறவன் யோசிக்காமல் கங்கைக் கிளறிவிடுவான். நம் கையின் பழக்கத்தை நம்பக் கூடாது, அவ்வளவுதான். இன்றைக்குக் கேஸ் அடுப்பின் மேல் பர்னரையும் திருகையும் மறைத்து ஒரு தகடு போடுகிறார்கள், இல்லையென்றால் 'பிளாட்டா' வாங்குகிறார்கள். பிளாட்டா என்பது சூட்டைக் கூட்டிக் குறைக்கத் திருகே இல்லாத மின்சாரத் தட்டு. வெள்ளிக்கிழமை பிளக்கைச் சொருகினால் அதோடு சரி. கிளறுவதற்குக் கங்கே கிடையாது.

எந்த அளவு வெந்திருந்தால் அடுப்பில் விட்டுவைக்கலாம் என்பதற்கு ஒரு கொள்ளைக்காரன்தான் அளவுகோல்! பென் துரோசாய் என்று ஒருவன், ஓடிக்கொண்டே இருந்ததால் அரைவேக்காட்டில் சாப்பிடுவானாம். அது மூன்றில் ஒரு பங்கா பாதியா என்று அறிஞர்களுக்குள் இன்னும் தீராத வாதம். சூட்டுக்கு அளவு, தொட்டதும் கையை இழுத்துக்கொள்ள வைக்கும் சூடு. பொதுவாக 45 டிகிரி செல்சியஸ் என்பார்கள்.

பாட்டி வீட்டில் வெள்ளிக்கிழமை என்றால் ஓட்டம்தான். டிசம்பரில் ஜெருசலேமில் நாலு மணிக்கெல்லாம் மெழுகுவர்த்தி ஏற்றியாக வேண்டும், ஏனென்றால் இந்த ஊரில் சூரிய மறைவுக்கு 40 நிமிடம் முன்பே ஏற்றுவது வழக்கம். அதற்குள் இறைச்சி, பீன்ஸ், பார்லி, உருளைக்கிழங்கு போட்ட சோலெண்ட் பாதிக்கு மேல் வெந்திருக்க வேண்டும், வெந்நீர் பாய்லர் கொதித்திருக்க வேண்டும். பானைக்கு மேலே துண்டு போடலாம், ஆனால் சுற்றிலும் மூடிச் சுற்றக் கூடாது. எடுத்த பானையைத் திரும்ப வைக்க வேண்டும் என்றால் அது முழுக்க வெந்திருக்க வேண்டும், இன்னும் சூடாக இருக்க வேண்டும், எடுக்கும்போதே திரும்ப வைக்கும் எண்ணம் இருக்க வேண்டும், கையை விட்டுக் கீழே வைத்திருக்கக் கூடாது. ஆறிப்போன சூப் அன்றைக்கு அவ்வளவுதான். கோழி வறுவல் மாதிரி உலர்ந்ததை, மின்சாரத் தட்டின் மேல் ஒரு வாணலியைக் கவிழ்த்து அதன்மேல் வைத்துச் சூடாக்கலாம்.

தாத்தா வீட்டில் கவிழ்த்த வாணலியெல்லாம் கிடையாது. ரப்பி ஓவாடியா யோசெப் வழியில் உலர்ந்த உணவை நேரே பிளாட்டாவில் வைத்தார்கள். அங்கே ராத்திரி முழுக்க வேகும் திபீத், அதாவது கோழிக்குள் அரிசி அடைத்துச் சுற்றிலும் சோறு. மேலே அடுக்கிய முட்டைகள் காலையில் பழுப்பு நிறமாகியிருக்கும். கூடவே அம்பா என்ற மாங்காய் ஊறுகாய், பம்பாய் வழியாக ஈராக்குக்குப் போனதாகச் சொல்வார்கள், எனக்கு அதுவே போதும். பக்கத்து வீட்டு யெமன் குடும்பமோ ஆறிய சூப்பையும் சூடாக்குவார்கள். ஒரு முறை முழுக்க வெந்ததற்கு மறுபடி சமையல் கிடையாது என்ற மைமோனிடஸ் என்ற பழைய யூதச் சட்ட அறிஞரின் கருத்து அவர்களுக்கு. ஒரே மாடியில் மூன்று சட்டம்.

நான் யூதர் இல்லையே, நானே சூடாக்கினால் என்ன? எல்லோரும் கேட்பது இதுதான். அவர்கள் செய்யக் கூடாததை என்னிடம் சொல்லிச் செய்ய வைக்கவும் கூடாது. ஆனால் நோயாளிக்கு விலக்கு உண்டு. பாட்டி படுக்கையில் விழுந்தபோது மகன் அவர்கள் ரப்பியிடம் கேட்டார், பாட்டிக்காக நான் சூடாக்கலாம் என்று பதில் வந்தது. அன்று நான் பாட்டிக்காகச் சமைத்ததில் மகன் ஒரு கரண்டிகூடத் தொடவில்லை. யூதர் அல்லாதவர் தனியாகச் சமைத்ததைச் சாப்பிடக் கூடாது என்பது மற்ற நாட்களிலும் உண்டு: பாட்டி வீட்டில் அவர்களில் ஒருவர் அடுப்பைப் பற்ற வைத்துவிட்டால் மீதியை நான் சமைக்கலாம், தாத்தா வீட்டில் அது போதாது, பாத்திரத்தையும் அவர்களே அடுப்பில் ஏற்ற வேண்டும். முதலில் கொஞ்சம் சுருக்கென்று இருந்தது. என் கை சுத்தமில்லை என்பதல்ல விஷயம் என்று புரியச் சில மாதம் ஆனது.

எனக்கு நிஜமாகவே பிடிக்காதது ஒன்று உண்டு. இருபத்துநாலு மணி நேரத்துக்கும் மேலாக ஒரு மின்சாரத் தட்டு ஆள் தூங்கும் வீட்டில் எரிவது. 2015 மார்ச்சில் நியூயார்க்கின் புரூக்ளினில் சபாத் பிளாட்டாவால் பிடித்ததாகக் கருதப்பட்ட தீயில் ஒரே வீட்டின் ஏழு குழந்தைகள் இறந்தார்கள். அதைப் படித்த பிறகு, பிளாட்டாவைச் சுவரிலிருந்து தள்ளி வைப்பது, துண்டு ஓரம் தட்டில் படாமல் பார்ப்பது, புகை அலாரம் வேலை செய்கிறதா என்று பார்ப்பது எல்லாம் என் வெள்ளிக்கிழமை வேலையில் சேர்ந்துவிட்டது. நெருப்பு உயிருக்கு ஆபத்தென்றால் சபாத்தையே மீறலாம், மீற வேண்டும் என்பதும் அவர்கள் சட்டம்தான். அதை வீட்டில் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

புதிதாக வருகிறவர்கள் முதல் வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் வீட்டுக்காரரிடம் மூன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆறிய சூப்பை என்ன செய்வது? குளிர்ந்த கோழியை எங்கே வைப்பது? யார் அடுப்பைப் பற்ற வைப்பது? பக்கத்து வீட்டில் வேலை செய்கிற தோழியிடம் கேட்காதீர்கள், அவர் வீட்டுப் பதில் வேறு.