எல்லாரும் எங்கே போனார்கள்?

1950-ல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் மதியச் சாப்பாட்டின்போது வேற்றுக்கிரகவாசிகளைப் பற்றி இயற்பியலாளர் என்ரிக்கோ ஃபெர்மி கேட்டது இதைத்தான். நம் சூரியன் இருக்கும் நட்சத்திர மண்டலமான பால்வெளியில் மட்டும் குறைந்தது 10,000 கோடி நட்சத்திரங்கள். அப்புறம் ஏன் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை?

'அப்படியென்றால் யாருமே இல்லை' என்று முடிவுகட்டுவது எனக்கு அவசரமாகப் படுகிறது. பால்வெளியின் குறுக்களவு சுமார் 1,00,000 ஒளியாண்டுகள், அதாவது ஒளியே அதைக் கடக்க அத்தனை வருடம் ஆகும். நாம் ரேடியோவைக் கையில் எடுத்தே 130 வருடம்தான் ஆகிறது. 1974-ல் போர்ட்டோ ரிகோ தீவிலிருந்த அரசிபோ ரேடியோ தொலைநோக்கியிலிருந்து எம்13 நட்சத்திரக் கொத்தை நோக்கி ஒரு செய்தி அனுப்பினார்கள். அது போய்ச் சேரவே ஏறக்குறைய 25,000 வருடம் ஆகும், பதில் வர இன்னொரு 25,000. அனுப்பிய தொலைநோக்கியோ 2020-லேயே இடிந்து விழுந்துவிட்டது!

சரி, அவர்கள் நமக்கு முன்பே கிளம்பியிருக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். மெதுவான கலங்களில் போனால்கூடச் சில கோடி வருடங்களில் பால்வெளி முழுக்கப் பரவிவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். பால்வெளிக்கோ 1,000 கோடி வருடத்துக்கு மேல் வயது. இந்த இடத்தில்தான் எனக்கும் இடிக்கிறது.

என் சந்தேகம் வேறு. உயிர் தோன்றுவது சாதாரணமாக இருக்கலாம், அது ரேடியோ செய்யும் அளவுக்கு வருவதுதான் அபூர்வம். பூமியில் உயிர் தோன்றி 350 கோடி வருடத்துக்கு மேல் ஆகிறது. அதில் பெரும்பகுதி வெறும் நுண்ணுயிர்களின் காலம். டைனோசர்கள் 15 கோடி வருடத்துக்கு மேல் இங்கே ராஜ்ஜியம் நடத்தின. ஒன்றுகூட ஆண்டெனா கட்டவில்லை. அதற்கான தேவையும் அவற்றுக்கு இருக்கவில்லை.

நீங்கள் எந்தக் கட்சி?