பழுப்புக்காகக் காத்திருந்த வாரம்

2024 ஜூலை 8, திங்கள்

காலையிலேயே எண்டோஸ்கோபி அறையிலிருந்து அழைப்பு. தையல் வேலை செய்யும் ஒரு அம்மா, வயது 46. இட்லிகூட நெஞ்சில் நிற்கிறதென்று மூன்று மாதமாகச் சொல்லிவந்திருக்கிறார். உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியில் 3 செ.மீ. கட்டி. மேல்சவ்வில் புண் எதுவும் இல்லை, வழவழவென்று இருக்கிறது. கட்டி அதற்கு அடியில், தசை அடுக்கில். முன்பே வேறோர் இடத்தில் சாதாரண பயாப்சி எடுத்து 'நார்மல்' என்று கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கவ்வி மேல்சவ்வைத்தான் கிள்ளும். கட்டியைத் தொட்டே இருக்காது. அந்த ஒரு சொல்லை நம்பி அவர் இத்தனை நாள் வீட்டில் இருந்ததை நினைத்தால் மனசு ஆறவில்லை.

இன்று எண்டோஸ்கோப் முனையிலுள்ள அல்ட்ராசவுண்டில் கட்டியைப் பார்த்தபடியே 22 கேஜ் ஊசியைச் செலுத்தினார்கள். பக்கத்திலேயே மைக்ரோஸ்கோப்புடன் நான். முதல் குத்தில் வெறும் ரத்தம். இரண்டாவதில் நூல் நூற்கும் கதிர்போல் நீண்ட செல்கள், கொத்தாக. "கிடைச்சிடுச்சு சார், செல் பிளாக்குக்கு இன்னொண்ணு மட்டும்" என்றேன். மெழுகில் பதித்துச் சீவிப் பார்ப்பதற்காக அதை அப்படியே ஃபார்மலினில் போட்டேன்.

ஜூலை 9, செவ்வாய்

ஊசியில் வந்ததைக் கண்ணாடியில் பூசிய ஸ்மியரை மறுபடி பார்த்தேன். முனை மழுங்கிய நீண்ட கருக்கள். பிரியும் செல் ஒன்றும் கண்ணில் படவில்லை. லியோமயோமா, அதாவது தசைக் கட்டி, என்று எழுதக் கை துடிக்கிறது. இரைப்பையில் என்றால் ஜிஸ்ட் என்ற இன்னொரு வகைக் கட்டியைத்தான் முதலில் நினைப்போம். உணவுக்குழாயில் லியோமயோமாதான் அதிகம். ஆனால் ஸ்மியரில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி. லியோமயோமா சாதுவான கட்டி. ஜிஸ்ட் பரவக்கூடியது, இமாட்டினிப் மாத்திரை, பெரிய ஆபரேஷன் என்று அதன் பாதையே வேறு.

"கதிர் செல் கட்டின்னு மட்டும் எழுதும்மா, ஸ்டெயின் வரட்டும்" என்றார் மேடம். சரி.

ஜூலை 11, வியாழன்

ஸ்டெயின் வந்துவிட்டது. தேடும் புரதம் எந்தச் செல்லில் இருக்கிறதோ அது பழுப்பாகும். ஜிஸ்ட்டைக் காட்டும் சிடி117 ஸ்லைடை வைத்ததும் திக்கென்றது. அங்கங்கே பழுப்பு! பெரிதாக்கிப் பார்த்தேன். நிறம் ஏறியிருந்தது கதிர் செல்களில் இல்லை, அவற்றுக்கு நடுவே சிதறிக்கிடந்த மாஸ்ட் செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்களில். அவற்றிலும் சிடி117 ஏறும். லியோமயோமாவுக்குள் அவை இருப்பது வழக்கம்தான். அவசரத்தில் பார்த்தால் ஜிஸ்ட் என்று எழுதிவிடுவோம். ஜிஸ்ட்டுக்கான இன்னொரு ஸ்டெயின் டாக்-1. அந்த ஸ்லைடில் துளி நிறமில்லை. எஸ்-100 ஸ்டெயினிலும் நிறம் ஏறாததால் நரம்புறைக் கட்டியும் இல்லை. கடைசியாகத் தசையைக் காட்டும் டெஸ்மின்: கதிர் செல்கள் மொத்தமும் அடர்ந்த பழுப்பு.

லியோமயோமா. கையெழுத்துப் போட்டேன்.

ஜூலை 12, வெள்ளி

உணவுக்குழாயை வெட்ட வேண்டாம், கட்டியை மட்டும் உரித்தெடுத்துவிடலாம் என்று சர்ஜன் சொல்லியிருக்கிறார். "அப்போ கேன்சர் இல்லையா டாக்டரம்மா?" என்று அந்த அம்மாவின் கணவர் நடையில் என்னை நிறுத்திக் கேட்டார். "இல்லைங்க" என்றேன். அவர் மறுபடியும் கேட்டார். நானும் மறுபடியும் சொன்னேன்.