புகாரிலிருந்து நாகைக்கு: புத்தரைத் தேடிப் போகிறவர்களுக்கு

டெல்டாவில் புத்தரைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் பலரும் முதலில் நாகப்பட்டினத்துக்குத்தான் வண்டி ஏறுகிறார்கள். அங்கே சூடாமணி விகாரை என்ற பௌத்த மடத்தில் ஒரு சுவர்கூட மிச்சமில்லை. பூம்புகாரில் தொடங்குங்கள்.

மயிலாடுதுறையிலிருந்தும் சீர்காழியிலிருந்தும் பேருந்து உண்டு. பல்லவனேச்சரத்தில் தொல்லியல் துறை தோண்டியெடுத்த விகாரையின் செங்கல் அடித்தளமும் சிறு அறைகளின் வரிசையும் தெரியும். மங்கலச் சின்னங்கள் செதுக்கிய புத்த பாதக் கல் கிடைத்ததும் இங்கேதான். மணிமேகலை அமுதசுரபியோடு நடந்த ஊர் இது. அதில் ஆதிரை முதல் பிச்சையிட்டாள், யானைத்தீ என்னும் தீராப் பசி காயசண்டிகைக்கு அடங்கியது, சிறைக்கோட்டம் அறக்கோட்டமானது. துன்பம் என்றதும் இந்த மண்ணின் பௌத்தம் முதலில் பசியைத்தான் கண்டது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு, மடியில் இரு கைகளையும் ஏந்தி அமர்ந்திருக்கும் சோழநாட்டுக் கருங்கல் புத்தரைப் பாருங்கள். அந்த உள்ளங்கைகள் எனக்குத் திருவோடாகவே தெரிகின்றன.

அந்தச் சிலைகள் பெருஞ்சேரி, புத்தமங்கலம் போன்ற ஊர்களில் இருக்கின்றன. "புத்தர் எங்கே?" என்று கேட்டால் வழி கிடைக்காமல் போகலாம். சில இடங்களில் அவர் செட்டியார், சில இடங்களில் ரிஷி. "உக்காந்திருக்கிற கல்லு சாமி எங்கங்க ஐயா?" என்று பெரியவர்களிடம் கேளுங்கள்.

பலரும் தவறுவது அடையாளத்தில்தான். சமணத் தீர்த்தங்கரரும் இதே போலச் சம்மணமிட்டு, வலக்கையை இடக்கைமேல் வைத்திருப்பார். கையை வைத்து முடிவுசெய்யாதீர்கள். முதலில் இடத்தோளைப் பாருங்கள்: அங்கிருந்து மார்பின் குறுக்கே வலப்புற அக்குளுக்கு இறங்கும் சீவரத்தின் (பௌத்தத் துறவியின் ஆடை) விளிம்பு இருந்தால் புத்தர். அது தேய்ந்திருந்தால் தலை உச்சி: புத்தருக்குத் தீச்சுடர் போன்ற முடி எழும்பும். தலைக்கு மேல் முக்குடையும் உடம்பில் ஆடையின்மையும் சமணத்துக்குரியவை. சில புத்தர்களின் வலது உள்ளங்கையில் சக்கரக்குறியும் உண்டு.

உச்சிவெயிலில் போனால் இவை எதுவும் தெரியாது. நேர்மேலிருந்து விழும் வெளிச்சத்தில் மெல்லிய செதுக்கல் தட்டையாகிவிடும். காலை எட்டு மணிக்குள்ளோ மாலை நாலரைக்கு மேலோ போங்கள். நிழலில் இருக்கும் சிலைக்கு டார்ச்சைப் பக்கவாட்டில், கல்லை ஒட்டிப் பிடித்தால் ஆடைக்கோடு எழுந்துவரும். எண்ணெயும் தூசியும் சேர்ந்து கெட்டிப்பட்ட சிலையில் கோடு மூடிப்போயிருக்கும். அதைச் சுரண்டிப் பார்க்க வேண்டாம், தயவுசெய்து. எண்ணெயோடு கல்லின் மேற்பரப்பும் போய்விடும். அது இன்னும் பூசையில் இருக்கும் சாமி.

கடைசியில் நாகை. சூடாமணி விகாரை, கடல்கடந்த ஸ்ரீவிஜய நாட்டு அரசர் மாறவிஜயோத்துங்கவர்மனின் தந்தை சூடாமணிவர்மன் பெயரில் எழுந்தது; முதலாம் இராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் ஊரின் வருவாயை அதற்குக் கொடுத்தான். அதைச் சொல்லும் 21 செப்பேடுகள் நெதர்லாந்தின் லெய்டனுக்குப் போயின. 1846இல் பிரிட்டிஷ் அதிகாரி வால்டர் எலியட் இங்கே மூன்று நிலைச் செங்கல் கோபுரம் ஒன்றைப் பார்த்திருக்கிறார். 1867இல் அதை இடித்தார்கள். இந்த இழப்பு எனக்கு ஆறவே இல்லை.

1856 முதல் 1930கள் வரை வெளிப்பாளையத்திலும் நாணயக்காரத் தெருவிலும் ஏறக்குறைய 350 பௌத்தச் செப்புத்திருமேனிகள் கிடைத்தன. பல இப்போது எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் (வெள்ளிக்கிழமை விடுமுறை). அங்கே போதிசத்துவர்களின் (புத்தநிலையை நோக்கிச் செல்பவர்கள்) மகுடத்தை நெருங்கிப் பாருங்கள். சிறு தூபி இருந்தால் மைத்திரேயர், இனி வரப்போகும் புத்தர். சிறிய அமர்ந்த புத்தர் இருந்தால் அவலோகிதர், துன்பத்தில் கூப்பிடுகிறவரை நோக்கிப் பார்ப்பவர். அகத்தியருக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தவர் இவரே என்கிறது வீரசோழியம் என்னும் இலக்கண நூல்.