தெருவுக்கு ஒரு சங்கம், சங்கத்துக்கு ஒரு பைலா

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் தாமிரபரணி பெருகி, திருநெல்வேலி சந்திப்புப் பகுதிக்குள் தண்ணீர் புகுந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். குறுக்குத்துறை முருகனுக்கு வெள்ளத்தில் மூழ்கி எழுவது பழக்கம். எங்கள் தெருவுக்கு அந்தப் பழக்கம் இல்லை. மாவு மில்லின் மோட்டார், தையல்காரரின் துணிக்கட்டு, ஜெராக்ஸ் இயந்திரம் எல்லாம் சேறாகிவிட்டன. குடும்ப அட்டைக்கு அரசு நிவாரணம் வந்தது. கடைக்குள் ஊறிப்போன சரக்குக்கு யாரிடம் போய் நிற்பது? தெருக்காரர்கள் போட்ட பணத்திலும், வெளியூரில் வேலை பார்க்கும் எங்கள் பிள்ளைகள் அனுப்பிய பணத்திலும்தான் பல சிறிய கடைகள் மறுபடி திறந்தன.

அந்தப் பணமெல்லாம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் சேமிப்புக் கணக்கில்தான் வந்து விழுந்தது. அவருடைய கைசுத்தம் ஊரறிந்தது. இருந்தும் டீக்கடையில் வரவு செலவு பற்றி யாரோ முணுமுணுத்தது அவர் காதுக்குப் போய்விட்டது. நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, "இனி என் கணக்கில் ஒரு ரூபாய்கூட வரக் கூடாது தம்பி" என்றார். தெருவுக்கு ஒரு சங்கம் அமைத்து அதன் பெயரில் கணக்குத் தொடங்கலாம் என்று வங்கிக்குப் போனால், பதிவுச் சான்றிதழும் சங்கத்தின் பான் அட்டையும் கேட்டார்கள். அந்த வேலை என் தலையில் விழுந்தது.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 படி சங்கம் தொடங்க 18 வயது நிரம்பிய 7 பேர் போதும். பலருக்குத் தெரியாத ஒன்றும் அதில் இருக்கிறது. 20 உறுப்பினர்கள் சேர்ந்துவிட்டாலோ, ஆண்டு வரவு அல்லது செலவு 10,000 ரூபாயைத் தொட்டாலோ மூன்று மாதத்துக்குள் பதிவு செய்தாக வேண்டும். நாங்கள் திரட்டிய தொகையை வைத்துப் பார்த்தால், பதிவு செய்யலாமா வேண்டாமா என்று யோசிக்கவே இடமில்லை.

முதலில் ஓர் ஆவண எழுத்தரிடம் போனோம். பணம் வாங்கிக்கொண்டு மறுநாளே பைலாவை, அதாவது சங்கத்தின் விதிமுறைகளை, கையில் கொடுத்தார். வாசித்துப் பார்த்தால் ஏதோ ஒரு மனமகிழ் மன்றத்தின் பைலா. பெயரை மட்டும் மாற்றியிருந்தார். சீட்டாட்ட அறை எத்தனை மணிக்கு மூடப்படும் என்பது வரை அதில் இருந்தது. எங்கள் தெருவில் அப்படி ஓர் அறை இருந்தால் நன்றாகத்தான் இருக்கும் என்று சிலர் சொன்னார்கள். நாங்களே உட்கார்ந்து எழுதுவதென்று முடிவானது.

எழுத உட்கார்ந்தபோதுதான் உண்மையான சண்டை தொடங்கியது. யார் உறுப்பினர்?

"கடை வைத்திருப்பவர்கள் மட்டும் இருக்கட்டும். வாடகை, வரி, உரிமம் எல்லாம் நாங்கள்தானே கட்டுகிறோம்" என்றார் பாத்திரக்கடை அண்ணாச்சி. குடியிருப்பவர்கள் விடவில்லை. சாக்கடை மேல் படிக்கட்டு கட்டியது யார் என்று பழைய கணக்கைக் கிளறினார்கள். அதுவரை ஓரமாக நின்றிருந்த பூக்கார அம்மா முன்னால் வந்து, "எனக்குக் கடையும் இல்லை, இந்தத் தெருவில் வீடும் இல்லை. ஆனால் வெள்ளத்தன்று உங்கள் கடைச் சாவி யாரிடம் இருந்தது அண்ணாச்சி?" என்று கேட்டார். அண்ணாச்சி பதில் சொல்லவில்லை. ஆனால் ஒத்துக்கொள்ளவும் இல்லை.

முடிச்சை அவிழ்த்தவர் தணிக்கையாளர். நன்கொடை தருபவர்களுக்கு வருமான வரியில் 80ஜி பிரிவின் சலுகை கிடைக்க வேண்டும் என்று அதிகம் வற்புறுத்தியவரே அண்ணாச்சிதான். வியாபாரிகள் தங்கள் நலனுக்காக மட்டும் நடத்தும் சங்கம் என்றால் அந்தச் சலுகையை எதிர்பார்க்க வேண்டாம், பொதுமக்களுக்குப் பயன் இருந்தால்தான் பேச்சு என்று தணிக்கையாளர் சொல்லிவிட்டார். சங்கம் கலைந்தால் மிச்சச் சொத்தை உறுப்பினர்கள் பங்கு போட்டுக்கொள்ளக் கூடாது என்றும் எழுதச் சொன்னார். பூக்கார அம்மாவின் நியாயத்துக்கு இளகாதவர் வருமான வரிக்கு இளகினார். எனக்கு அதில் வருத்தமில்லை, வழி எதுவானாலும் சரி. அந்தத் தெருவில் வசிக்கும் அல்லது பிழைக்கும் எவரும் உறுப்பினர், ஆளுக்கு ஒரு ஓட்டு என்று விதி எழுதினோம்.

நோக்கங்களை எழுதும்போது சட்டத்தின் மூன்றாவது பிரிவைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கல்வி, கலை, கைத்தொழில், குடிசைத் தொழில், விளையாட்டு, பொதுச் சுகாதாரம், சமூக சேவை என்று அதில் ஒரு பட்டியல் உண்டு. 'வியாபார வளர்ச்சி' என்று மொட்டையாக எழுதாமல், சிறுதொழில் செய்பவர்களுக்கு உரிமம், பதிவு, கடன் ஆகியவற்றில் உதவுவது, பேரிடர் உதவி, படிப்பகம் என்று பிரித்து எழுதினோம். பணம் எடுக்க மூன்று பொறுப்பாளர்களில் இருவர் கையெழுத்து வேண்டும், அவர்களில் ஒருவராவது கடைக்காரர் அல்லாதவராக இருக்க வேண்டும் என்பதும் விதி. ஆசிரியருக்கு நேர்ந்தது இன்னொருவருக்கு நேரக் கூடாது அல்லவா?

மற்றது வழக்கமான காகித வேலை. சங்க முகவரிக்கு வீட்டு உரிமையாளரின் சம்மதக் கடிதமும் வீட்டு வரி ரசீதும், உறுப்பினர்களின் ஆதார் நகல்கள், நிர்வாகக் குழுப் பட்டியல். ஆதாரில் ஒரு மாதிரியும் விண்ணப்பத்தில் ஒரு மாதிரியும் தலைப்பெழுத்து இருந்தவர்களால்தான் தாமதம். அதை முதலிலேயே சரிபார்த்துவிடுங்கள்.

சான்றிதழ் வந்த பிறகு நாங்கள் முதலில் கையில் எடுத்தது இட்லிக் கடைகளை. அப்போது ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்தான் கட்டணமாக இருந்தது. இடைத்தரகர்களுக்குப் பல மடங்கு கொடுத்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவுக்கு அரசு கட்டணமே வாங்குவதில்லை. அதற்கும் பணம் பறிகொடுத்த கதை உண்டு. இப்போது கல்லூரி படிக்கும் பெண் ஒருத்தி மாலையில் மடிக்கணினியுடன் மாவு மில் திண்ணையில் உட்கார்ந்து இரண்டையும் செய்து தருகிறாள். அதே திண்ணையில் படிப்பகம் என்ற பெயரில் நான்கு நாளிதழ்களும் ஓர் அலமாரியும் இருக்கின்றன. அலமாரியில் பாதி, போட்டித் தேர்வுப் புத்தகங்கள்.

பதிவோடு வேலை முடிவதில்லை. மார்ச் 31இல் கணக்கை முடித்து, ஆறு மாதத்துக்குள் பொதுக்குழுவைக் கூட்டி, வரவு செலவைப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். நிர்வாகக் குழு மாறினால் 7ஆம் எண் படிவத்தில் அதைத் தெரிவிக்க வேண்டும். எங்கள் கணக்கை அண்ணாச்சியே வரிக்கு வரி பார்க்கிறார், குறை கண்டுபிடிக்கும் ஆசையோடு. அதுவும் சங்கத்துக்கு நல்லதுதான்.

இனி தள்ளுவண்டிக்காரர்களின் விஷயம். 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி கணக்கெடுப்பில் பெயர் ஏறி, விற்பனைச் சான்று கையில் இருந்தால்தான் அவர்களுக்குப் பிடிமானம். எங்கள் தெருவில் இஸ்திரி வண்டிக்காரரிடம் அது இல்லை. அவருடைய மனுவை எழுதிவிட்டோம். திங்கட்கிழமை மாநகராட்சிக்குப் போகிறோம். அண்ணாச்சியும் கூட வருகிறாராம், தன் படிக்கட்டைப் பற்றி யாரும் அங்கே பேசக் கூடாது என்ற நிபந்தனையோடு.